வான்கோழிகள் படுத்துக்கிட்ட நத்தார்

மகன், வாயால சொல்ல வேண்டியதைத்தான் எழுதுறேன். வாயால சொன்னா நீ நடுவுல புகுந்து திருத்துவ. "அம்மா, அது அப்படி இல்ல, அதுக்குக் காரணம் வேற"ன்னு ஆரம்பிச்சா நான் சொல்ல வந்தது எனக்கே மறந்து போகும். கடிதாசிகிட்ட உன் பருப்பு வேகாது. வர்ற சனிக்கிழமை வஹகோட்டை அந்தோனியார் கோயில்ல உனக்குக் கல்யாணம். அதுக்கப்புறம் நீ நிரோஷாவோட புருஷன், எனக்கு விருந்தாளி மாதிரி. விருந்தாளியை ஏச முடியாது. அதனால ஏச வேண்டியதை இப்பவே ஏசி, சொல்ல வேண்டியதையும் சொல்லி முடிச்சுர்றேன். கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முந்தி ஒரு தரம் உட்கார்ந்து வாசி. நடுவுல சிவப்புப் பேனையால எதையும் திருத்தாத.

நீ சின்னதுலயே அப்படித்தான். இயேசு தண்ணியை வைனா மாத்தின கானாவூர்க் கல்யாணத்தைப் பத்தி ஃபாதர் உருகி உருகிப் பிரசங்கம் வச்சு முடிச்சுட்டு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுக்கிறார். நீ அவர் அங்கியைப் பிடிச்சு இழுத்து, "தண்ணியில காபன் இல்ல ஃபாதர், வைன்ல காபன் இருக்கு, அந்தக் காபன் எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேட்ட. அவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அம்மாகிட்டக் கேளு மகன்"னுட்டு அடுத்த ஆளுக்குக் கை குடுக்கப் போயிட்டார். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு நான் பக்கவாட்டுக் கதவாலதான் கோயிலை விட்டு வெளிய வந்தேன். பேராதனையில இரசாயனம் படிச்ச, கொழும்புல ஆய்வுகூடத்துல வேலைக்குச் சேர்ந்த, எல்லாம் எனக்குப் பெருமைதான், இல்லைன்னு சொல்லல்ல. ஆனா அந்தப் படிப்பும் என் கூறுகெட்டத்தனமும் சேர்ந்து உன் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்துச்சே, அதுதான் விஷயம். கடைசியில உன் விளக்கத்தைக் கேட்டுத்தான் நிரோஷாவோட அப்பா சம்மதிச்சார்னு நீ இன்னைக்கு வரைக்கும் சிநேகிதன்மார்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற. இல்லவே இல்ல. நடந்தது என்னன்னு நான் சொல்றேன்.

நிரோஷாவோட அப்பா லூயிஸ் ஐயா, அதான் வஹகோட்டை லூயிஸ் மஹத்தயா, நல்ல மனுஷன். நாமளும் கத்தோலிக்கம், அவங்களும் கத்தோலிக்கம். அவங்க சிங்களம் பேசுறாங்க, நாம தமிழ் பேசுறோம், அவ்வளவுதான் வித்தியாசம்னு நீ வந்து என்கிட்ட ரொம்ப லேசாச் சொன்ன. அவ்வளவுதான்னா ஏன்டா ராசா எங்கேயோ ஒரு குண்டு வெடிச்சா பலாபத்வலைச் செக்பாயின்ட்டுல பஸ்ஸை மறிச்சுத் தமிழ்ப் பேர் உள்ளவங்களை மட்டும் கீழ இறக்குறாங்க? அந்த மனுஷன் உன்னைக் குறை சொல்லல்ல. பையன் நல்ல பையன், காலம்தான் சரியில்லைன்னார். கிறிஸ்மஸ் நெருங்கின நேரம், "நத்தார் முடியட்டும், பேசுவோம்"னு ஒரு அரைச் சம்மதம் குடுத்தார். மிச்ச அரையை வாங்கத்தான் நாங்க முதல்முதலா அவங்க வீட்டுக்குப் போனோம். அவருக்கு உலகத்துல ரெண்டே பெருமை. ஒண்ணு நிரோஷா. மத்தது அவர் வளர்க்கிற வான்கோழிகள். நத்தார் விருந்துக்கு அவர் வீட்டு வான்கோழின்னா ஊரே வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பெரிய தலைவர் ஒண்ணு, சிவப்புத் தாடியும் விரிச்ச வாலுமா, வீட்டு முன் முத்தத்துக்கு வர்றவங்க ஒவ்வொருத்தரையும் மேலும் கீழும் பார்த்து உறுமிட்டுத்தான் உள்ள விடும். அதுக்கு அவங்க வச்ச பேர் லொக்கா. லொக்கான்னா முதலாளி. பேருக்கு ஏத்த நடப்பு.

பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா? உங்கப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக்கும் போதும்னார். கேக்கை எவனும் கொண்டு போவான், நான் எவனா? நம்ம வீட்டுப் பின்னால இருக்கிற பிராய்லர் கோழிக் கொட்டில்தானே உன்னைப் படிக்க வச்சது. அங்க போடுற மூட்டைத் தீனைத் தின்னு நம்ம குஞ்சுகள் பொங்கி வர்ற மாதிரி மாத்தளையில எவன் வீட்டுல வருது? பறவை வளர்க்கிற சம்பந்திக்கு இதைவிட மரியாதை என்ன இருக்குன்னு ஒரு முழு மூட்டை கோழித்தீனைத் தூக்கி, வாய்க்கட்டுல சிவப்பு ரிப்பன் பூ ஒண்ணு கட்டி, தெருமுனையில வாடகைக்கு ஓட்டுற நிஸாம் நானாவோட த்ரீவீலர் ஆட்டோவுல ஏத்தினேன். செக்பாயின்ட்டுல ஒரு பொடியன் ஆர்மிக்காரன் கம்பியால மூட்டையைக் குத்திக் குத்திப் பார்த்துட்டு, "மே மொனவத?", இது என்னன்னு கேட்டான். கோழித்தீன், பொண்ணு பார்க்கப் போறோம்னேன். அவன் ரிப்பனைப் பார்த்தான், என் பட்டுச் சீலையைப் பார்த்தான், மத்தவங்களையும் கூப்பிட்டுக் காட்டினான். எல்லாரும் சிரிச்சு முடிச்ச பிறகுதான் விட்டாங்க. உங்கப்பா வஹகோட்டை போய்ச் சேர்ற வரைக்கும் என் பக்கம் திரும்பல்ல.

லூயிஸ் மஹத்தயா மட்டும் சிரிக்கல்ல. ரெண்டு கையாலயும் வாங்கினார். அங்கதான் வந்துச்சு வினை. சம்பந்தி வீட்டுச் சாமானைச் சும்மா போட்டு வைக்கிறது மரியாதை இல்லைன்னு, அன்னையில இருந்து சோளத்தையும் கீரையையும் நிப்பாட்டிட்டு, வான்கோழிகளுக்கு நம்ம தீனை மட்டுமே வச்சிருக்கார். ரெண்டு மூணு நாள்ல போன் வந்துச்சு, பறவைகள் சோர்ந்து போய் நிக்குதுன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புதுத் தீன்தானே மஹத்தயா, சத்துக் கூட, பழகினாச் சரியாப் போகும்"னு சொல்லி இன்னொரு மூட்டையை அனுப்பி வச்சேன். நான் மரியாதை செய்யச் செய்ய, அவர் மரியாதையாத் தீன் வைக்க வைக்க, அந்த வாயில்லா ஜீவன்கள் ஒண்ணொண்ணாத் தரையில உட்கார்ந்துருச்சு.

நான் நேர்ல போய்ப் பார்த்தேன். முத்தம் முழுக்க வான்கோழி. எல்லாம் நெஞ்சைத் தரையில வச்சு, ரெண்டு காலையும் பின்னால நீட்டிக்கிட்டு, தண்ணியில நீந்துற மாதிரிக் கிடக்குது. ஆனா கழுத்து மட்டும் நிமிர்ந்து, கண்ணு பளிச்சுன்னு என்னையே பார்க்குது. நடுவுல லொக்கா. எழும்ப முடியல்ல, ஆனா என்னைக் கண்டதும் உறுமினதை விடல்ல. நிரோஷாவோட அம்மா நாலு மூலையிலயும் தீர்த்தம் தெளிச்சு வச்சிருந்தாங்க. அதோட நிப்பாட்டாம வேலியில திருஷ்டிக்குத் தேசிக்காயும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தாங்க, ஒண்ணு விட்டாலும் மத்தது காப்பாத்தும்னு. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்துச் சனம். தமிழ் நோனா, அதான் இந்தத் தமிழ் அம்மா, மூட்டையில என்னமோ ஏவி விட்டிருக்கா, ஹூனியம், சூனியம்தான், இப்பவே இப்படின்னா பொண்ணைக் குடுத்தா என்ன ஆகும்னு என் காதுபடவே பேசுறாங்க. எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நினைப்பு. லூயிஸ் மஹத்தயா, "கல்யாணப் பேச்சை இப்பத்திக்கு விடுவோம், நோனா"ன்னு மட்டும் சொன்னார். நான் செத்தேன் மகன். ஒரே பிள்ளை, நீ ஒரே ஒரு ஆசையைத்தான் வாய் திறந்து கேட்ட. அதை ஒரு மூட்டைக் கோழித்தீனால நானே கெடுத்துட்டேனேன்னு வழியெல்லாம் அழுதுக்கிட்டு வந்தேன்.

நீ அவசர லீவுல வந்து மூட்டையைத் திருப்பி, ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ்ல அச்சடிச்சிருந்ததை வாசிச்ச. சலினோமைசின் கலந்திருக்கு, வான்கோழிக்கும் குதிரைக்கும் குடுக்கப்படாதுன்னு. எத்தனை வருஷமா அந்த மூட்டைகளை அடுக்கியிருப்பேன், அதை யார் வாசிச்சா? உங்கப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நல்ல வேளை, அவங்ககிட்டக் குதிரை இல்ல"ன்னார். அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தரம்தான் வாயைத் திறப்பார், அதுக்கும் நேரம் பார்த்துத்தான் திறப்பார். நீ துள்ளிக் குதிச்ச. "அம்மா, சூனியமும் இல்ல ஒண்ணும் இல்ல, இது சுத்தமான இரசாயனம், நான் விளக்கினா அங்கிளுக்கு விளங்கிரும்"னு என்னையும் இழுத்துக்கிட்டு வஹகோட்டைக்குக் கிளம்பின. உன் முகத்துல இருந்த சந்தோஷத்தைக் கண்டே, இது நல்லதுக்கில்லைன்னு ஜெபமாலையைக் கையில எடுத்துக்கிட்டேன்.

போய் நின்னதும் ஒரு ஈர்க்குச்சியை எடுத்து முத்தத்து மண்ணுல படம் கீற ஆரம்பிச்ச. படுத்துக் கிடக்கிற பறவைகளுக்கு நடுவுல! கலத்தைச் சுத்திக் கொழுப்புல ஒரு மெல்லிய சவ்வு இருக்குன்ன. உப்புல இருக்கிற சோடியம் மின்னேத்தம் உள்ள உலோக அயன், தண்ணியைப் போர்த்திக்கிட்டுத் திரியிறது, கொழுப்பைத் தாண்டித் தனியா உள்ள போக அதால முடியாதுன்ன. இந்த மருந்து ஒரு நீட்டு மூலக்கூறாம், அயனைக் கண்டதும் வளைஞ்சு சுத்திக்குமாம், மருந்துல உள்ள ஒட்சிசன் எல்லாம் உள்பக்கமாத் திரும்பி அயனைப் பிடிச்சுக்கிட்டதும் தண்ணிப் போர்வை கழண்டுருமாம். வெளிப்பக்கம் பூராவும் எண்ணெய்த் தன்மையா இருக்கிறதால சவ்வு வழி விட்டுருமாம். சோடியத்தை உள்ள இறக்கிட்டு, திரும்பி வர்றப்ப பொட்டாசியத்தையோ ஐதரசனையோ ஏத்திக்கிட்டு வெளிய வருமாம். கோழிக்கு இரத்தக் கழிச்சல் உண்டாக்குற கிருமிக்குள்ள இப்படி உப்பு ஏற ஏறத் தண்ணியும் பின்னாலயே போய், அது ஊதி வெடிச்சுச் செத்துருமாம், அதுக்குத்தான் தீன்ல கலக்கிறதாம். கோழி தன் உடம்புல ஏறின மருந்தைச் சுருக்காக் கழிச்சுரும், வான்கோழியால அது முடியாது, அதனால மருந்து அதோட தசைக் கலத்துலயே வேலையைக் காட்டி, சோடியத்துக்குப் பின்னால கல்சியமும் புகுந்து, தசைநார் கெட்டுப் போகுதுன்ன. அவ்வளவும் உண்மைதான்டா. லூயிஸ் மஹத்தயாவும் கையைக் கட்டிக்கிட்டு மரியாதையாக் கேட்டார். கேட்டுட்டு, "சரி மகன், இதுக்கு மாத்து மருந்து என்ன?"ன்னார். நீ பரீட்சையில தெரிஞ்ச கேள்வி வந்த மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, "மாத்து மருந்தே இல்ல, அங்கிள்!"ன்ன.

நான் கிள்ளினது அப்பத்தான். நீ "ஏன் கிள்ளுறீங்க?"ன்னு சத்தமாக் கேட்டு அதையும் ஊருக்குச் சொன்ன. லூயிஸ் மஹத்தயாவுக்கு உன் பேச்சுல விளங்கினது ஒண்ணே ஒண்ணுதான். மூட்டைதான் காரணம், அதைக் கொண்டு வந்தவ இந்தப் பொம்பளைதான், செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. "போய் வாங்க"ன்னு உள்ள போயிட்டார். நிரோஷா வாசல்ல நின்னு உன்னைப் பார்த்த பார்வையை நீ கவனிக்கல்ல, கீழ குனிஞ்சு படத்துல விட்டுப்போன ஒரு ஒட்சிசனைக் கீறிக்கிட்டு இருந்த. மறுநாள் கொழும்புக்கு பஸ் ஏறிட்ட. நான் ஏறினது நிஸாம் நானாவோட த்ரீவீலர்ல. நேரா வஹகோட்டைக்கு.

வாங்கன்னு யாரும் சொல்லல்ல. நானும் எதிர்பார்க்கல்ல. மிச்சமிருந்த நம்ம தீனை அள்ளிக் கட்டி வண்டியில போட்டேன். எழும்ப முடியாத பறவை தண்ணித் தொட்டிக்கு எப்படிப் போகும்? மருந்தைவிடத் தாகமே கொன்னுரும். ஒரு கோப்பையும் கரண்டியுமா மண்ணுல உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கும் தண்ணி குடுத்தேன், ஊற வச்ச சோளக்குருணை ஊட்டினேன், ஒரே பக்கமாக் கிடந்து புண்ணாகாம வைக்கோலைப் போட்டுத் திருப்பித் திருப்பி வச்சேன். மறுநாளும் போனேன், அதுக்கு மறுநாளும் போனேன். லொக்கா மட்டும் கரண்டியைக் கண்டா என் விரலைத்தான் கொத்தும். முதல்ல லூயிஸ் மஹத்தயா தூர நின்னு பார்த்தார். அப்புறம் இன்னொரு கரண்டியோட வந்து எதிர்ல உட்கார்ந்தார். கடைசியில அவர்தான் கேட்டார், "உங்க மகன் என்னதான் சொன்னார், நோனா? எனக்கு ஒண்ணும் ஏறல்ல"ன்னு. நான் சொன்னேன், "செக்பாயின்ட்டுல நான் தனியா நடந்து போனா இறக்கி, ஐடென்டி கார்டு கேட்டு, மணிக்கணக்கா நிறுத்தி வைக்கிறாங்க. நிஸாம் நானா வண்டியில ஒளிஞ்சு உட்கார்ந்தா, அவர் தலையை நீட்டி ஒரு வார்த்தை பேச விட்டுர்றாங்க. உப்புக்கு அந்த மருந்துதான் நிஸாம் நானா. போறப்ப ஒருத்தரை ஏத்திக்கிட்டுப் போய் இறக்குவார், வர்றப்ப வேற ஒருத்தரை ஏத்திக்கிட்டு வருவார். ஓயாம ஓடினா உள்ள இருக்க வேண்டியது வெளிய, வெளிய இருக்க வேண்டியது உள்ள." லூயிஸ் மஹத்தயா நிமிர்ந்து ரோட்டோரம் நின்ன வண்டியைப் பார்த்து, "அப்ப குத்தவாளி நிஸாம்தான்"னார். நிஸாம் நானா குடிச்சுக்கிட்டிருந்த பிளேன்டீயோட எழும்பி, "அல்லாஹ்! நான் என்ன செஞ்சேன்?"ன்னார். அந்த மனுஷன் சிரிச்சார் பாரு, அத்தனை நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார். சிரிச்சு முடிச்சுட்டு, "உங்க மகனுக்கு வியாதி எப்படி வந்துச்சுன்னு நல்லாத் தெரியும், ஆனா தண்ணி குடுக்கத் தோணல்லையே"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. கரண்டியை அடுத்த பறவைக்கு நீட்டினேன்.

ஒண்ணொண்ணா எழும்பத் தொடங்கிச்சு. முதல்ல ஒரு பெட்டை, குடிகாரன் மாதிரித் தள்ளாடி நாலடி வச்சுட்டு உட்கார்ந்துச்சு. நிரோஷாவோட அம்மா அந்தோனியாருக்கு நன்றி சொன்னாங்க, தேசிக்காய்க்கும் ஒரு பார்வை பார்த்தாங்க, எனக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. நத்தார் விருந்துக்கு வெட்டப் போற பறவைகளுக்குத்தான் இத்தனை பாடான்னு நீ கேட்ப. நாங்களும் அதைக் கேட்டுச் சிரிச்சோம், ஆனா அந்த வருஷம் அதுல ஒண்ணைக்கூட வெட்ட அவருக்கு மனசு வரல்ல. லொக்கா மட்டும் எழும்பல்ல. நத்தாருக்கு முதல் நாள் காலையில போனப்ப அது கழுத்தைத் தரையில போட்டிருந்துச்சு. கரண்டியைக் கொண்டு போனேன், கொத்தல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாமரத்தடியில அவர் குழி வெட்ட, நான் மண் தள்ளினேன். மூடி முடிச்சதும் மண்வெட்டியைப் போட்டுட்டு அப்படியே தரையில உட்கார்ந்து என்னைக் கேட்டார். "நோனா, எங்கேயாவது ஒரு குண்டு வெடிச்சா ஆர்மிக்காரங்க உங்க வீட்டுக் கதவைத்தானே முதல்ல தட்டுவாங்க. நாளைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால என் மகள் நிப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

என் மகள் மாதிரிப் பார்த்துக்குவேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு மகன். எல்லாரும் சொல்றதுதானே, சொல்லியிருந்தா வேலையும் முடிஞ்சிருக்கும். ஆனா கையில அந்த மண்ணு. நல்லதுன்னு நினைச்சு நான் கொண்டு வந்தது என்ன செஞ்சதுன்னு கண்ணு முன்னால கிடக்குது. "முடியாது மஹத்தயா"ன்னேன். "என் மகனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னே என்னால சொல்ல முடியல்ல. அவன் கொழும்பு பஸ் ஏறினா, போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது." சொல்லிட்டு, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு அழுதேன். வீட்டுக்குப் போய் உனக்கு எந்த முகத்தோட சொல்றதுன்னு நினைச்சு அழுதேன். அவர் கையில ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டார். "பொய் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்"னார். "நிரோஷா கண்டிக்குப் போய் வர்ற வரைக்கும் நானும் அப்படித்தான் இருக்கேன்"னார். அப்புறம் உள்ள திரும்பி மகளைக் கூப்பிட்டு, "துவ, அந்தப் பையனுக்குப் போன் பண்ணு. நாளைக்கு வரச் சொல்லு. படம் கீற வேணாம்னு சொல்லு"ன்னு சத்தம் போட்டார். நிரோஷா உனக்குக் கடைசி வரியைச் சொல்லல்ல. நீ ஜெயிச்சுட்டேன்னு குதிச்சதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரல்லையாம்.

இப்ப புத்தி சொல்றேன், கேளு. அவளுக்குத் தலை வலிச்சா, தலைவலி ஏன் வருதுன்னு சொல்லாத, கொத்தமல்லி அவிச்சுக் குடு. அவ அழுதா கண்ணீர்ல எவ்வளவு உப்புன்னு ஆரம்பிக்காத. அவங்க வீட்டுக்கு எதைக் கொண்டு போனாலும் முதல்ல சின்ன எழுத்தை வாசி, வாசிச்சதை அங்க போய் ஒப்பிக்காத. மாமனார் பேசுறப்ப குறுக்க விழாத. எனக்கும் அடிக்கடி போன் பண்ணு.

லூயிஸ் மஹத்தயா கேட்ட கேள்விக்கு என்னால முடியாதுன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் கிடக்குது. சனிக்கிழமை அவர் தன் மகளை உன் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்துறப்ப அதுக்கான பதிலை உன் முகத்துலதான் தேடுவார். நீ ஒண்ணும் விளக்க வேணாம். ஆனா என்னைக்காவது உங்க வீட்டுக் கதவை யாராவது தட்டினா, அவளை எழும்ப விடாத, நீ போய்த் திற. பெத்தவ எவளும் பிள்ளையைப் பார்த்து நீ முன்னால போன்னு சொல்ல மாட்டா. நான் சொல்றேன்டா மகன். நீ போய்த் திற.

அம்மா